'ஆள் தேடுகிறது...' – வாசகர் கேள்வி பதில்

பலர் சேர்ந்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளில் எதிராளியையும் கூட்டாளியையும் ஆப்பே தேடிப் பிடித்துத் தருகிறது. அந்தத் தேடல் திரையில் உங்களுக்கு எது பிடிக்கவில்லை, எது புரியவில்லை என்று போன இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். மொபைல் விளையாட்டுகளுக்குத் திரை வடிவமைப்பது என் தொழில். பயனர்கள் எழுதும் குறைகளைப் படித்து, எதை முதலில் சரிசெய்ய வேண்டும் என்று பிரித்துக் கொடுப்பதும் அதில் ஒரு பகுதி. அதனால் உங்கள் கடிதங்களை ஒன்றுவிடாமல் படித்தேன்.

நான்கு பேர் ஸ்குவாடாக ஆடும் ஷூட்டிங் கேம் ஒன்று ஆடுகிறேன். ஸ்டார்ட் அமுக்கினால் ஒரு வட்டம் சுற்றுகிறது. சில நாள் உடனே மேட்ச் கிடைக்கிறது. சில நாள் டீ போட்டுக் குடித்துவிட்டு வந்தாலும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. கோபத்தில் ஒரு ஸ்டார் போட்டு 'வேஸ்ட் ஆப்' என்று எழுதினேன். ஒன்றும் மாறவில்லை. எப்படி எழுதினால் காது கொடுத்துக் கேட்பார்கள்?
– கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்

உங்கள் கோபம் நியாயமானது. முதலில் அந்த வட்டத்துக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன், அப்புறம் எப்படி எழுதுவது என்று பார்க்கலாம்.

மேட்ச் தேடும்போது ஆப் மூன்று விஷயங்களைப் பார்க்கிறது. ஆள் உங்கள் திறமைக்குச் சமமாக இருக்க வேண்டும், இணைய வழியில் பக்கத்தில் இருக்க வேண்டும், சீக்கிரம் கிடைக்க வேண்டும். மூன்றும் ஒன்றாக அமைவது கூட்டம் அதிகமுள்ள நேரத்தில் மட்டும்தான். மற்ற நேரங்களில் ஒன்றை விட்டுக்கொடுத்துத்தான் இன்னொன்றைப் பெற முடியும். பெரும்பாலான ஆப்கள் முதல் சில நொடிகள் உங்களுக்கு மிக நெருக்கமான ஆட்களை மட்டும் பார்க்கின்றன. கிடைக்காவிட்டால் எல்லையைக் கொஞ்சம் விரிக்கின்றன. இன்னும் கிடைக்காவிட்டால் தொலைவிலுள்ள சர்வரையும் (ஆட்டத்தை நடத்தும் கணினியையும்) சேர்த்துக்கொள்கின்றன. ஐந்தாவது நொடியில் ஆப் தேடும் ஆளும் மூன்றாவது நிமிடத்தில் தேடும் ஆளும் ஒரே மாதிரி இல்லை. திரையில் சுற்றும் வட்டம் மட்டும் அப்படியே இருக்கிறது. எனக்கு இந்தத் தொழிலில் மிகப் பெரிய மனக்குறை இதுதான். எதை விட்டுக்கொடுத்து இந்த மேட்சைப் பிடித்தோம் என்று ஆப்புக்குத் தெரியும், ஆடப் போகிறவருக்குச் சொல்வதில்லை.

எவ்வளவு நேரம் என்று தெரியாத காத்திருப்பும் காரணம் சொல்லாத காத்திருப்பும் உண்மையைவிட நீளமாகத் தெரியும் என்று, சேவைத் துறை நிர்வாகம் பற்றி எழுதிய டேவிட் மைஸ்டர் 1985-லேயே எழுதினார். அவர் உணவகத்து வரிசைகளையும் அது போன்ற இடங்களையும் வைத்துச் சொன்னது நம் மொபைல் திரைக்கும் அப்படியே பொருந்துகிறது. 'இந்த மோடில் இப்போது ஆட்கள் குறைவு, சுமார் 3 நிமிடம் ஆகலாம்' என்று ஒரு வரி போட்டிருந்தால் நீங்கள் நிம்மதியாக டீ போட்டிருப்பீர்கள்.

இப்போது எழுதும் முறை. 'வேஸ்ட் ஆப்' என்ற வரி எங்கள் கைக்கு வரும்போது அதை எந்த டீமிடம் கொடுப்பது என்றே தெரியாது. சர்வர் பார்ப்பவர்களிடமா, திரை வரைபவர்களிடமா? இதற்குப் பதிலாக இப்படி எழுதிப் பாருங்கள்: 'இரவு 11:40. ஸ்குவாட் மோட், மும்பை சர்வர், கோல்டு ரேங்க். ஸ்டார்ட் அமுக்கி 4 நிமிடம் ஆகியும் மேட்ச் வரவில்லை. இன்னும் எவ்வளவு நேரம் என்று திரையில் இல்லை. நிறுத்திவிடலாமா என்று நினைத்தேன். நிறுத்தினால் வரிசையில் என் இடம் போய்விடுமோ என்று பயந்து அப்படியே விட்டுவிட்டேன்.'

இதில் முதல் பாதி சர்வர் ஆட்களுக்கு. கடைசி இரண்டு வரி எங்களுக்கு. நேரம், மோட், சர்வர் எல்லாம் எங்கள் பதிவேட்டிலும் இருக்கும். நீங்கள் எதற்குப் பயந்தீர்கள் என்பது எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. அதை எழுதி அனுப்பினால் அது எங்களுக்குப் பெரிய உதவி. 'இந்த இடத்தில் இந்த பட்டன் வையுங்கள்' என்று யோசனை சொல்பவர்கள் நிறையப் பேர். சொல்லலாம், தப்பில்லை. ஆனால் அந்த பட்டன் எதற்காகத் தேவைப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் சரியான தீர்வு கிடைக்கும். பட்டனே தேவைப்படாமல் ஒரு வரி செய்தியில் பிரச்சினை முடிந்துவிடுவதும் உண்டு.

எனக்கு மட்டும் எப்போதும் என்னைவிடத் திறமையானவர்களையே எதிரில் போடுகிறது. வேண்டுமென்றே தோற்கடிக்கிறார்களா? ரேட்டிங் எண் வேறு ஒரே நாளில் தாறுமாறாக ஏறி இறங்குகிறது.
– வாசகர், சேலம்

ஆடுபவரின் திறமையை எண்ணாகச் சொல்லும் இந்த ரேட்டிங் கணக்கு செஸ்ஸிலிருந்து வந்தது. அமெரிக்காவின் மில்வாக்கியில் இயற்பியல் பேராசிரியராக இருந்த அர்பாட் ஈலோ உருவாக்கிய முறையை அமெரிக்க செஸ் அமைப்பு 1960-லும் உலக அமைப்பான ஃபிடே 1970-லும் ஏற்றுக்கொண்டன. இருவருக்கும் ஒரே ரேட்டிங் என்றால் வாய்ப்பு சரிபாதி. 200 புள்ளி கூடுதலாக உள்ளவர் 100 ஆட்டங்களில் சுமார் 76 புள்ளி எடுப்பார் என்பது கணக்கு. ஆகவே சமமான ஆளைச் சரியாகப் பிடித்துத் தரும் ஆப்பில் நீங்கள் ஏறக்குறைய பாதி ஆட்டங்களில் தோற்பீர்கள். ஆப் நன்றாக வேலை செய்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். தொடர்ந்து தோற்கும் நாட்களில் மனம் இதை ஏற்காது என்பதும் எனக்குத் தெரியும்.

எண் தாவுவதற்கு வேறு காரணம் இருக்கிறது. புதிதாக வந்தவரைப் பற்றி ஆப்புக்கு எதுவும் தெரியாது. அதனால் ஆரம்பத்தில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பெரிய அளவில் கூட்டிக் கழிக்கும். புள்ளியியலாளர் மார்க் கிளிக்மன் 1995-ல் வகுத்த கிளிக்கோ முறை, ரேட்டிங்கோடு சேர்த்து 'இந்த ரேட்டிங்கை எவ்வளவு நம்பலாம்' என்பதற்கும் ஒரு எண் வைத்துக்கொள்கிறது. மைக்ரோசாஃப்ட் ரிசர்ச் உருவாக்கிய ட்ரூஸ்கில் அதே எண்ணத்தை டீமாக ஆடும் விளையாட்டுகளுக்குக் கொண்டுவந்தது. மைக்ரோசாஃப்டின் ஆன்லைன் விளையாட்டுச் சேவையான எக்ஸ்பாக்ஸ் லைவில் 'ஹேலோ 3' ஆடியவர்களின் ரேங்க் அப்படித்தான் கணக்கிடப்பட்டது.

இங்கே லிச்செஸ் என்ற இலவச செஸ் தளத்தைப் பாராட்ட வேண்டும். அங்கே எல்லோரும் 1500-ல் தொடங்குகிறார்கள். ரேட்டிங் இன்னும் நிலைபெறவில்லை என்றால் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி நிற்கும். '1500?' என்று பார்த்ததும் இது இன்னும் முடிவான எண் இல்லை என்று யாரும் விளக்காமலே புரிந்துவிடுகிறது. நாலைந்து தோல்விக்குப் பிறகும் புதியவர் மனம் உடையாமல் இருப்பதற்கு அந்தக் கேள்விக்குறி உதவும். உங்கள் ஆப்பில் அது இல்லை என்றால் கேளுங்கள். மேட்ச் முடிந்ததும் 'ஆள் கிடைக்காததால் எல்லை விரிக்கப்பட்டது, எதிரணியின் சராசரி உங்களைவிட 150 அதிகம்' என்று காட்டச் சொல்லியும் கேளுங்கள். அது தெரிந்தால் வேண்டுமென்றே தோற்கடிக்கிறார்கள் என்ற சந்தேகமே வராது.

இன்னொன்று. உங்களைவிட ரேங்க் அதிகமுள்ள நண்பரோடு ஸ்குவாடில் போகிறீர்களா? பல கேம்களில் ஸ்குவாடின் திறமை அளவை மேலே இருப்பவரை ஒட்டித்தான் கணக்கிடுகிறார்கள். ஆட்டம் தொடங்கும் முன் எல்லோரும் கூடும் திரையான லாபியில் அதையும் எழுதிவைக்க வேண்டும்.

திறமைக் கணக்கே வேண்டாம், வருகிறவர் வரட்டும் என்று சொல்பவர்களும் உண்டு. கால் ஆஃப் டூட்டி விளையாட்டில் அந்தக் கணக்கைத் தளர்த்திச் சோதித்துப் பார்த்து, 2024-ல் அதை வெளியிடும் ஆக்டிவிஷன் நிறுவனம் அறிக்கையாகவே வெளியிட்டது. மிகத் திறமையான சிறு பகுதியினரைத் தவிர மற்றவர்கள் திரும்ப வந்து ஆடுவது குறைந்ததாம்.

எதிரில் ஆடுவது மனிதரா, பாட்டா (கணினியே ஆடும் ஆளா)? எப்படிக் கண்டுபிடிப்பது?
– பத்தாம் வகுப்பு மாணவர், விருதுநகர்

கண்டுபிடிக்க வேண்டிய வேலையே உங்களுக்கு இருக்கக் கூடாது, ஆப் சொல்லிவிட வேண்டும். புதியவர்கள் பழகுவதற்காக பாட் வைப்பதில் தவறில்லை. 2019-ல் ஃபோர்ட்நைட் விளையாட்டில் பாட் சேர்த்தபோது எபிக் நிறுவனம் அதை வெளிப்படையாக அறிவித்தது. ஆனால் எந்த எதிராளி பாட் என்று திரையில் குறி இல்லாவிட்டால், ஜெயித்தவருக்கு வெற்றியின் ருசி பாதியாகிவிடும். மூன்று நொடியில் மேட்ச் கிடைத்து, எதிராளிகள் திறந்த வெளியில் நின்றபடியே சுட்டால் சந்தேகப்படலாம். உறுதியாகச் சொல்ல முடியாது.

என் மகனுக்கு 12 வயது. மேட்ச் தொடங்கியதும் முன்பின் தெரியாத ஆட்களின் குரல் கேட்கிறது. கெட்ட வார்த்தைகள். அவன் பேசுவதும் அவர்களுக்குக் கேட்கிறதாம். எங்கே நிறுத்துவது என்று தேடித் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.
– வாசகி, தஞ்சாவூர்

அம்மா, முதலில் இன்றைக்கே செய்யக்கூடியது. ஆண்ட்ராய்டு போன் என்றால் அந்த கேமின் ஐகானை அழுத்திப் பிடியுங்கள். ஆப் விவரம் என்று வரும். அதில் அனுமதிகள் பகுதிக்குப் போய் மைக்ரோஃபோனை 'அனுமதிக்காதே' என்று வையுங்கள். பையன் பேசுவது வெளியே போகாது. ஆண்ட்ராய்டு 12-லிருந்து மைக் ஓடும்போது திரையின் மேல் மூலையில் பச்சைப் புள்ளி தெரியும், ஐபோனில் ஆரஞ்சுப் புள்ளி. அது எரிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அவர்கள் பேசுவது இவனுக்குக் கேட்காமல் இருக்க, கேமின் செட்டிங்ஸில் ஆடியோ பகுதிக்குள் வாய்ஸ் சாட்டை ஆஃப் செய்ய வேண்டும். அவனையே செய்துகாட்டச் சொல்லுங்கள், அவனுக்கு வழி தெரிந்திருக்கும்.

நீங்கள் தேடியும் கிடைக்கவில்லை என்பது உங்கள் குறை இல்லை, எங்கள் தொழிலின் குறை. முன்பின் தெரியாதவர்களோடு சேர்த்துவிடும் ஆப்பில் மைக் முதலில் ஆஃபாகத்தான் இருக்க வேண்டும். வேண்டுமென்பவர் ஆன் செய்துகொள்ளட்டும். மியூட் பட்டன் ஒவ்வொரு ஆளின் பெயருக்குப் பக்கத்திலேயே, மேட்ச் நடக்கும்போதே ஒரே தட்டில் எட்ட வேண்டும். நான்கு மெனுவுக்குள் போய்த் தேடும்போது அந்தக் குழந்தை எல்லாவற்றையும் கேட்டுமுடித்திருக்கும்.

பேசாமல் டீமாக ஆட முடியாது என்பார்கள். 2019-ல் வந்த ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் விளையாட்டு அதற்கு நல்ல பதில் தந்தது. ஒரு இடத்தைக் குறிபார்த்து ஒரு பட்டனைத் தட்டினால் 'இங்கே எதிரி', 'இங்கே துப்பாக்கி கிடக்கிறது', 'அங்கே போவோம்' என்று கூட்டாளிகளுக்குக் குறி போய்விடும். ஒரு வார்த்தை பேசாமல் முழு ஆட்டத்தையும் ஆடலாம். தொல்லைக்குப் பயந்து மைக்கைத் தொடாத பெண்கள் பலருக்கு அது பெரிய விடுதலையாக இருந்தது. உங்கள் கடிதத்தை அந்த ஆப்பின் 'உதவி' பக்கம் வழியாகவும் அனுப்புங்கள். பையனின் வயதைக் கட்டாயம் குறிப்பிடுங்கள்.

பிரவுசிங் சென்டரில் கவுன்ட்டர் ஸ்ட்ரைக் ஆடி வளர்ந்தவன் நான். சர்வர் பட்டியலில் பெயர், பிங் (சர்வருக்குத் தகவல் போய்த் திரும்பும் நேரம்), எத்தனை பேர் இருக்கிறார்கள் எல்லாம் தெரியும். நாமே பார்த்துச் சேருவோம். இப்போது ஒரே ஒரு பட்டன். பழையது மேலாக இருந்ததே?
– வாசகர், திருச்சி

நீங்கள் சொல்லும் பட்டியல் எனக்கும் பிடிக்கும். 1996 வாக்கில் க்வேக் ஆடுபவர்களுக்காக வந்த க்வேக்ஸ்பை, பிறகு கேம்ஸ்பை என்று பெயர் மாறிய மென்பொருள், அந்தப் பழக்கத்தைப் பரப்பியது. 2004 நவம்பரில் வந்த 'ஹேலோ 2' அதை மாற்றியது. எந்த மாதிரி ஆட்டம் என்பதை மட்டும் நீங்கள் சொன்னால் போதும், ஆளையும் இடத்தையும் எக்ஸ்பாக்ஸ் லைவ் தேடித் தந்தது. நண்பர்களோடு ஒரு கூட்டமாகச் சேர்ந்து ஆட்டத்திலிருந்து ஆட்டத்துக்குப் போகும் வசதியும் அதிலேயே இருந்தது. இன்றைய ஆப்கள் எல்லாம் அந்த வழியில் வந்தவைதான்.

பட்டியலில் வந்த சிக்கல், புதியவருக்கு அது எதுவும் புரியாது என்பது. கெட்டிக்காரர்கள் கூடியிருக்கும் சர்வரில் தெரியாமல் நுழைந்து அடிவாங்கிவிட்டு, ஆட்டத்தையே விட்டுப் போனவர்கள் எத்தனையோ பேர். அதனால் ஒரு பட்டன் வந்ததை நான் வரவேற்கிறேன். ஆனால் பட்டியல் தந்த தகவல்களையும் சேர்த்து ஏன் எடுத்தார்கள்? பிங் எவ்வளவு, எத்தனை பேர் காத்திருக்கிறார்கள், எந்த ஊர் சர்வர் என்று அந்த ஒரு பட்டனுக்குக் கீழேயே சிறிய எழுத்தில் போடலாம். தெரிந்தவர் பார்ப்பார், தெரியாதவரை அது தொந்தரவு செய்யாது.

நான் திருநெல்வேலியில், நண்பன் துபாயில். சேர்ந்து ஆடும்போது ஒருநாள் அவனுக்கு லேக் (ஆட்டம் தாமதமாக நகர்வது), ஒருநாள் எனக்கு. சர்வர் எது என்று திரையில் எங்கும் இல்லை. நாங்கள் எதைத் தேர்ந்தெடுப்பது?
– வாசகர், திருநெல்வேலி

மும்பை.

கண்ணாடி இழைக் கேபிளில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். போய் வருவதற்கு 1,000 கிலோமீட்டருக்கு 10 மில்லிசெகண்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கும் மும்பைக்கும் நேர்கோட்டில் சுமார் 1,250 கிலோமீட்டர், துபாய்க்கும் மும்பைக்கும் சுமார் 1,930. ஆக எவ்வளவு நல்ல இணையம் இருந்தாலும் உங்களுக்கு 12-க்கும் அவருக்கு 19-க்கும் கீழே பிங் இறங்காது. கேபிள் நேர்கோட்டில் போவதில்லை, வழியில் பல இடங்களில் நின்று திரும்புகிறது. அதனால் நடைமுறையில் இதைப்போல் இரண்டு மூன்று மடங்கு வரும். அதுவும் ஆடத் தகுந்த அளவுதான். சிங்கப்பூர் சர்வர் அமைந்தால் உங்களுக்குக் குறைந்தபட்சம் 30, அவருக்கு 58. ஐரோப்பா அமைந்தால் நீங்கள் அவதிப்படுவீர்கள்.

ஒருநாள் அவருக்கு, ஒருநாள் உங்களுக்கு என்று மாறுகிறது என்றால், ஸ்குவாடை யார் தொடங்குகிறாரோ அவர் ஊரை வைத்து ஆப் சர்வர் எடுக்கிறது என்று ஊகிக்கலாம். ஒரு வாரம் நீங்களே தொடங்கிப் பாருங்கள். ஃபீட்பேக்கில் இதைக் கேளுங்கள்: லாபியில் ஒவ்வொருவர் பெயருக்குப் பக்கத்திலும் அந்த சர்வருக்கான பிங் எண் தெரிய வேண்டும். பச்சை, மஞ்சள் கோடுகள் மட்டும் போதாது, எண்ணே வேண்டும்.

எனக்குச் சிவப்பும் பச்சையும் பிரிந்து தெரியாது. யார் ரெடி, யார் ரெடி இல்லை என்பது எல்லாப் புள்ளிகளும் ஒரே நிறமாகத் தெரிவதால் புரிவதில்லை.
– வாசகர், வேலூர்

ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறத்தாழ 12 பேரில் ஒருவருக்கு இந்தப் பார்வைக் குறை உண்டு. நம் நாட்டில் சற்றுக் குறைவு என்றாலும், நூறு பேர் ஆடும் மேட்சில் சிலர் நிச்சயம் இருப்பார்கள். தீர்வுக்குப் பெரிய செலவே இல்லை. ரெடி என்றால் டிக் குறி, இல்லையென்றால் வெற்று வட்டம். நிறம் அதற்கு மேல் கூடுதலாக இருக்கட்டும். அந்தத் திரையின் ஸ்கிரீன்ஷாட்டை போனிலேயே கருப்பு வெள்ளையாக மாற்றி, 'எனக்கு இப்படித்தான் வித்தியாசம் தெரியவில்லை' என்று எழுதி அனுப்புங்கள். நீளமான விளக்கத்தைவிட அந்தப் படம் வேகமாக வேலை செய்யும்.

மேட்ச் கிடைத்ததும் 'அக்செப்ட்' கேட்கிறது. பத்து நொடிக்குள் தட்டாவிட்டால் தண்டனை, அடுத்த சில நிமிடம் ஆட முடியாது. அம்மா கூப்பிட்டார்கள் என்று எழுந்து போனது குற்றமா?
– வாசகி, நாகர்கோவில்

குற்றமில்லை. ஆனால் அந்தக் கேள்வி ஏன் வந்தது என்று பாருங்கள். லீக் ஆஃப் லெஜண்ட்ஸ், டோட்டா 2 போன்ற விளையாட்டுகளில் பத்துப் பேர் சேர்ந்தால்தான் ஆட்டம். ஒருவர் இல்லாமல் தொடங்கினால் மற்ற ஒன்பது பேரின் அரை மணி நேரத்துக்கு மேல் வீணாகும். அதனால் எல்லோரும் இருக்கிறார்களா என்று ஒருமுறை கேட்கிறார்கள். அது சரியான ஏற்பாடு.

திரை செய்ய வேண்டியது வேறு. தேடத் தொடங்கும்போதே 'மேட்ச் வந்ததும் 10 நொடிக்குள் ஏற்க வேண்டும்' என்று சொல்ல வேண்டும். மேட்ச் வந்ததும் சத்தம், அதிர்வு இரண்டும் வேண்டும். ஏற்பதற்கும் மறுப்பதற்குமான பட்டன்களை ஒட்டி வைக்கக் கூடாது. விரலால் தட்டும் பட்டன் குறைந்தது 48 டிபி, அதாவது திரையில் சுமார் 9 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்பது கூகுள் ஆண்ட்ராய்டுக்குச் சொல்லும் அளவு. எத்தனையோ கேம்களில் மறுக்கும் பட்டன் அதில் பாதிதான் இருக்கிறது. ஸ்கேல் வைத்து அளந்து எழுதுங்கள். முதல் தடவை தவறவிட்டவருக்குத் தண்டனைக்குப் பதில் எச்சரிக்கை போதும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

தமிழில் வைத்து ஆடலாம் என்று மொழியை மாற்றினேன். 'தேடுகிறோம்' என்பதில் கொம்பு இடம் மாறி நிற்கிறது. பட்டன்களில் பாதி எழுத்துக்குப் பிறகு மூன்று புள்ளி. திரும்பவும் ஆங்கிலத்துக்கே போய்விட்டேன்.
– ஓய்வுபெற்ற ஆசிரியர், காரைக்குடி

ஐயா, போகாதீர்கள். இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

கணினி 'தே' என்ற எழுத்தை இரண்டு துண்டாகச் சேமிக்கிறது. முதலில் 'த', அடுத்து ஏகாரக் குறி. திரையில் காட்டும்போது அந்தக் குறியைத் தகரத்துக்கு முன்னால் கொண்டுவர வேண்டும். 'கொ' என்றால் இன்னும் வேலை அதிகம். ஒரே குறியை இரண்டாகப் பிரித்து, கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் வைக்க வேண்டும். நாம் வாட்ஸ்அப்பில் எழுதும்போது போனே இதைச் செய்துவிடுகிறது. ஆனால் பல விளையாட்டுகள் போனின் எழுத்து வசதியைப் பயன்படுத்துவதில்லை. தாங்களே எழுத்தைப் படமாக்கி வரைகின்றன. அந்த வரையும் பகுதி ஆங்கிலத்தை மனதில் வைத்து எழுதப்பட்டிருந்தால், சேமித்த வரிசையிலேயே இடமிருந்து வலமாக அடுக்கிவிடும். நீங்கள் பார்த்த தவறு அப்படி வந்ததுதான்.

இதற்கு ஹார்ஃப்பஸ் என்ற இலவசத் திறமூல மென்பொருள் இருக்கிறது. ஆண்ட்ராய்டு, குரோம், ஃபயர்ஃபாக்ஸ் எல்லாம் தமிழைச் சரியாகக் காட்டுவது அதை வைத்துத்தான். அதை விளையாட்டில் சேர்ப்பது ஒரு நாள் வேலை இல்லை, ஆனால் முடியாத வேலையும் இல்லை. தமிழோடு இந்தி, வங்காளம், மலையாளம் எல்லாம் சேர்ந்தே சரியாகும். எத்தனை பேர் கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் இந்த வேலை முன்னுரிமை பெறுகிறது. நீங்கள் ஆங்கிலத்துக்குத் திரும்பிய அந்த நிமிடம், தமிழில் ஆடுபவர்கள் கணக்கில் ஒன்று குறைந்திருக்கும். அதனால்தான் போகாதீர்கள் என்றேன்.

பட்டன் வெட்டுப்படுவது எளிதாகத் தீரும். ஆங்கிலச் சொல்லின் அகலத்துக்குப் பட்டனை அளந்துவிட்டு, பிறகு அதற்குள் தமிழைத் திணித்திருக்கிறார்கள். பட்டன் எழுத்துக்கேற்ப நீள வேண்டும், அல்லது இரண்டு வரியாக மடங்க வேண்டும். உங்கள் போனில் எழுத்து அளவைப் பெரிதாக வைத்திருந்தால் அதையும் குறிப்பிடுங்கள். வெட்டுப்பட்ட ஒவ்வொரு பட்டனுக்கும் ஒரு ஸ்கிரீன்ஷாட், அதோடு அங்கே முழுதாக என்ன இருக்க வேண்டும் என்று உங்கள் கையால் ஒரு வரி. ஆசிரியர் என்கிறீர்கள், திருத்தம் போடுவது உங்களுக்குப் பழக்கம்தானே. அப்படியே ஒற்றுப்பிழைகளையும் சுட்டிக்காட்டுங்கள், நன்றியோடு ஏற்றுக்கொள்வார்கள்.

ஒரு ஆள் ஆட்டத்தைக் கெடுத்தான். அவன் இனி என் மேட்சுக்கே வரக் கூடாது என்று வைக்க ஏன் வசதி இல்லை?
– வாசகர், ஈரோடு

2016-ல் ஓவர்வாட்ச் என்ற விளையாட்டு வெளியானபோது அந்த வசதி இருந்தது. சில வாரங்களிலேயே எடுத்துவிட்டார்கள். காரணத்தை அதன் இயக்குநர் ஜெஃப் கேப்லனே விளக்கினார். விடோமேக்கர் என்ற பாத்திரத்தை ஆடுவதில் உலகின் மிகச் சிறந்தவர்களில் ஒருவர், மேட்சுக்காக ரொம்ப நேரம் காத்திருக்க வேண்டியிருக்கிறது என்று புகார் சொல்லியிருக்கிறார். பார்த்தால், நூற்றுக்கணக்கானவர்கள் அவரைத் தவிர்க்கும்படி வைத்திருக்கிறார்கள். அவர் கெட்டவர் என்பதற்காக இல்லை, நன்றாக ஆடுகிறார் என்பதற்காக. 2018-ல் அந்த வசதி வேறு வடிவில் திரும்ப வந்தது. கூட்டாளியாக வர வேண்டாம் என்று ஒரு சிலரை மட்டும் குறிக்கலாம், எதிராளியாக வருவதைத் தடுக்க முடியாது. இதுவே நியாயமான எல்லை என்பது என் கருத்து.

உங்கள் விஷயத்தில் அவர் ஆட்டத்தைக் கெடுத்தார் என்றால் ரிப்போர்ட் செய்யுங்கள். மேட்ச் முடிந்து லாபிக்குப் போன பிறகு ரிப்போர்ட் செய்ய முடியவில்லை, பெயர் மறைந்துவிடுகிறது என்று சில கடிதங்கள் வந்திருக்கின்றன. அது கட்டாயம் மாற வேண்டிய குறை. முந்தைய மேட்சுகளின் பட்டியலில் இருந்தும் ரிப்போர்ட் செய்ய வழி வேண்டும். செய்த ரிப்போர்ட்டுக்கு என்ன ஆனது என்று ஒரு வரி பதிலும் வர வேண்டும்.

நாங்கள் நண்பர்கள் மூன்று பேர் சேர்ந்து ஒரு கேரம் ஆப் செய்துகொண்டிருக்கிறோம். இரண்டு பேர், நான்கு பேர் ஆட்டம், வேக ஆட்டம், பயிற்சி ஆட்டம், மூன்று சர்வர், ஐந்து ரேங்க் எல்லாம் வைத்திருக்கிறோம். தேடல் திரையில் வேறு என்ன வைக்கலாம்?
– பொறியியல் மாணவி, மதுரை

எதையும் சேர்க்காதீர்கள், முதலில் எடுங்கள். நான்கு வகை ஆட்டம், மூன்று சர்வர், ஐந்து ரேங்க் என்றால் 60 வரிசைகள். ஒரு இரவில் 300 பேர் ஒரே நேரத்தில் வந்தாலே உங்களைப் போன்ற புதிய ஆப்புக்கு அது பெரிய விஷயம். அந்த 300 பேரையும் 60 வரிசைக்குப் பிரித்தால் ஒன்றுக்கு 5 பேர். அதிலும் பாதிப் பேர் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருப்பார்கள். எவ்வளவு அழகான திரை வரைந்தாலும் ஆள் கிடைக்காது. கிடைக்காதவர் மறுநாள் வர மாட்டார், வரிசை இன்னும் மெலியும்.

இரண்டு பேர் ஆட்டம் ஒன்றை மட்டும் வைத்துத் தொடங்குங்கள். பயிற்சி ஆட்டத்தைத் தேடல் நேரத்துக்கே கொண்டுவந்துவிடுங்கள். ஆள் வரும்வரை தனியாகக் காய் அடித்துக்கொண்டிருக்கலாம், வந்ததும் மேலே ஒரு பட்டை விரியட்டும். கேரமில் காய்கள் ஓடும் வேகம் எல்லாம் போனிலேயே கணக்கிடலாம். முறை மாறி மாறி ஆடுவதால் பிங் 100 இருந்தாலும் பாதகமில்லை. ஒரே சர்வர் போதும். ரேங்கை உள்ளுக்குள் கணக்கிடுங்கள், வரிசையைப் பிரிக்கப் பயன்படுத்தாதீர்கள். இருக்கிறவர்களில் மிக நெருக்கமானவரைக் கொடுங்கள். வித்தியாசம் அதிகம் என்றால் 'இவர் உங்களைவிட நிறைய ஆடியவர், ஆடலாமா, காத்திருக்கிறீர்களா?' என்று கேளுங்கள்.

எப்போது நான்கு பேர் ஆட்டத்தைச் சேர்ப்பது என்று அடுத்து கேட்பீர்கள். கூட்டம் குறைந்த மதிய நேரத்திலும் 30 நொடிக்குள் எதிராளி கிடைக்கத் தொடங்கிய பிறகு சேருங்கள். முதல் பதிப்பு தயாரானதும் தேடல் திரையின் ஸ்கிரீன்ஷாட்டை இந்தப் பகுதிக்கு அனுப்புங்கள், பார்த்துவிட்டு எழுதுகிறேன்.